ஆங்கில வகுப்பை உற்றுநோக்கப் போகிறீர்களா? சென்னைப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வட சென்னையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் பி.எட். பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். எங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததை அவர்கள் எழுதுவது உற்றுநோக்கல் பதிவேடு; வழிகாட்டி ஆசிரியர் என்ற முறையில் அதில் கையெழுத்துப் போடுவது என் வேலை. பெரும்பாலான பதிவேடுகளைப் படித்தால் அது எந்த ஆசிரியரின் வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பள்ளி என்று கண்டுபிடிக்கவே முடியாது. ‘ஆசிரியர் நல்ல குரல்வளத்துடன் கற்பித்தார். மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர். கரும்பலகை நன்கு பயன்படுத்தப்பட்டது.’ என் வகுப்பைப் பற்றி ஒருவர் இப்படித்தான் எழுதியிருந்தார். அன்று எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. பாதி வகுப்பைச் சைகையில் நடத்தினேன்.

அவர் சோம்பேறி இல்லை. எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. வாரக் கணக்கைப் பாடவேளைக் கணக்காக மாற்றுங்கள்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி, இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. உற்றுநோக்கலுக்கு அதில் எத்தனை நாள் என்பது உங்கள் கல்லூரிக் கையேட்டில் இருக்கும். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் செல்டா சான்றிதழுக்குப் படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. குறைந்தது 120 மணி நேரப் படிப்பில், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை 6 மணி நேரம் பார்க்க வேண்டும். 6 மணி நேரம் தாமே கற்பிக்க வேண்டும்.

பள்ளிக்கு வந்து ‘நான்கு வாரம் சார்’ என்று சொன்னால் தலைமையாசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கையில் இருப்பது கால அட்டவணை; அதில் வாரம் கிடையாது, பாடவேளைதான் உண்டு. ஒரு பிரிவுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் நாளுக்கு ஒரு பாடவேளை. ஒரே பிரிவைக் கேட்டு வாங்கினால், மீதிப் பொழுதை ஆசிரியர் அறையில் விடைத்தாள் அடுக்கிக்கொண்டு கழிப்பீர்கள். ஆகவே ‘ஆறு முதல் ஒன்பது வரை, மூன்று பிரிவுகளில், இத்தனை ஆங்கிலப் பாடவேளைகள்’ என்று எண்ணோடு கேளுங்கள்.

2. நாட்காட்டியைப் பார்த்த பிறகே தேதியைச் சொல்லுங்கள்

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதுப் பாடம் நடக்காது, திருப்புதல்தான். பயிற்சி மாணவர் ஒருவர் சரியாகக் காலாண்டுத் தேர்வு தொடங்கிய திங்கட்கிழமை கைப்பையோடு வந்து நின்றார். பாவம், முழு வாரமும் தேர்வறைக் கண்காணிப்பைத்தான் உற்றுநோக்கினார்.

அக்டோபர் கடைசியிலிருந்து சென்னைக்கு இன்னொரு சிக்கல் உண்டு: மழை. மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு சில நாள் விடிந்த பிறகுதான் வரும். அந்த மாதங்களில் பத்துப் பாடவேளை தேவை என்றால் பதினான்குக்குத் திட்டமிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைக் கேட்காதீர்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போது அங்கே தேர்வும் திருத்தமும் மட்டுமே நடக்கும். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை உள்ள காலம்தான் என் அனுபவத்தில் மிக நல்லது. ஆசிரியர் இன்னும் களைத்திருக்க மாட்டார். மாணவர்களும் புத்தகத்தைப் புதிதாகவே புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

3. அனுமதியை மேலிருந்து கீழே வாங்குங்கள்

தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் பேசி, நேரே அவர் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இதனால் மாட்டிக்கொள்வது அந்த ஆசிரியர்தான். வெளியாள் ஒருவர் பிள்ளைகள் இருக்கும் அறையில் இருப்பதற்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. அவருக்குத் தாளில் ஆதாரம் வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால் கல்லூரி முதல்வரின் கடிதம் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆணை வர வேண்டும். மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளி என்றால் மாநகராட்சியின் கல்வித் துறையை அணுக வேண்டும். உதவிபெறும் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் தலைமையாசிரியர், தாளாளர் இருவரின் ஒப்புதலும் தேவைப்படலாம். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கடிதத்தில் உங்கள் பெயர், படிப்பு, பாடம், தேதிகள், பாடவேளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ‘உற்றுநோக்கல் மட்டும்’ என்ற சொற்களும் இருக்கட்டும். அந்தச் சொற்கள் ஏன் முக்கியம் என்பது 9-ஆம் பகுதியில் தெரியும்.

மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அலுவலக எழுத்தரிடம் போகும், ஒன்று வழிகாட்டி ஆசிரியரிடம். மூன்றாவது, வாயிற்காவலர் தினமும் கேட்பதற்கு.

4. பாடத்தை முந்தின இரவே படித்துவிடுங்கள்

பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புகளின் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நடக்கப்போகும் பாடத்தைப் படித்துவிட்டு, மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று மூன்று இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். மறுநாள் உங்கள் ஊகமும் உண்மையும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதே முதல் பாடம். படிக்காமல் போனால் நீங்களும் மாணவரைப் போலக் கதையைத் தொடர்ந்துகொண்டிருப்பீர்கள். வகுப்பைப் பார்க்க மாட்டீர்கள்.

பையில் கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, நொடி முள் உள்ள கைக்கடிகாரம், தண்ணீர், சாப்பாட்டு டப்பா. செல்போனை அணைத்துவிடுங்கள், நேரம் பார்க்கக்கூட எடுக்க வேண்டாம். ஆசிரியர் கண்ணுக்கு அது ஒளிப்பதிவு செய்வது போலத்தான் தெரியும். பிள்ளைகளைப் படம் எடுப்பதும் குரலைப் பதிவதும் எழுத்து அனுமதி இல்லாமல் கூடவே கூடாது.

5. முதல் நாள்: வகுப்புக்கு முன் இரண்டு கேள்வி

இறைவணக்கக் கூட்டத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து வணக்கம் சொல்லி, கால அட்டவணையைக் கையால் நகலெடுத்துக்கொண்டு, வழிகாட்டி ஆசிரியரைச் சந்தியுங்கள். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘இன்று எந்தப் பக்கம் நடத்துகிறீர்கள்?’, ‘நான் எதைக் கவனித்துச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்?’

இரண்டாவது கேள்வி மரியாதைக்காக மட்டும் அன்று. வகுப்பின் பின்னால் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்தால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் ஆய்வு அலுவலர் வந்த நினைப்புதான் வரும். வழக்கமான வகுப்பு மறைந்து காட்சி வகுப்பு தொடங்கிவிடும். நீங்கள் அவருக்காக ஒன்றைப் பார்த்துச் சொல்லப்போகிறீர்கள் என்றால் அந்த இறுக்கம் தளரும். ‘கடைசி இரண்டு பெஞ்சுக்கு என் குரல் கேட்கிறதா என்று பாருங்கள்’ என்று நானே கேட்டிருக்கிறேன். மின்விசிறிச் சத்தத்திலும் ரயில் சத்தத்திலும் கேட்கவில்லை என்று அப்போது பயிற்சிக்கு வந்திருந்த பெண் சொன்ன பிறகுதான் நின்று பேசும் இடத்தை மாற்றினேன்.

6. எங்கே உட்கார்வது

எல்லோரும் கடைசி பெஞ்சுக்குப் போகிறார்கள். அங்கிருந்து தெரிவது நாற்பது முதுகுகள். ஆசிரியர் மேசைக்கு அருகே உட்கார்ந்தால் மாணவர் கண் உங்கள் மேலேயே இருக்கும். பக்கச் சுவரை ஒட்டி, அறையின் முன்பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் முகங்களும் நோட்டுகளும் தெரியும், கரும்பலகையும் தெரியும்.

முதல் இரண்டு நாள் பிள்ளைகள் உங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நாட்களின் குறிப்பைப் பெரிதாக நம்பாதீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் சுவரில் மாட்டிய வரைபடம் போல ஆகிவிடுவீர்கள். அன்றுதான் வகுப்பு தொடங்குகிறது.

7. ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு வேலை

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். புதியவர் எல்லாவற்றையும் ஒரே பாடவேளையில் பார்க்க முயல்கிறார்: குரல், பலகை, துணைக்கருவி, ஒழுங்கு, அறிமுகம், முடிப்பு. அச்சடித்த படிவத்தில் இருபது கட்டம் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். முடிவில் இருபதிலும் ‘நன்று’ என்று டிக் விழுகிறது. படிவத்தை வீட்டில் நிரப்பிக்கொள்ளலாம். வகுப்பில் கீழ்க்கண்ட வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்; எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறேன்.

முதலில், இருக்கைப் படம். பெஞ்சுகளைக் கட்டங்களாக வரைந்து, தனியாக வாய் திறந்த ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு போடுங்கள். கூட்டமாக ‘யெஸ் மிஸ்’ என்று சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மணி அடிக்கும்போது பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருக்கும். கோடுகள் முன் இரண்டு வரிசையில் குவிந்திருக்கும். மொழி வகுப்பில் பேசாத பிள்ளைக்கு மொழிப் பயிற்சி கிடைக்கவில்லை என்பதை இந்தப் படம் சொல்வது போல எந்தப் பாடநூலும் சொல்லாது.

அடுத்த நாள் கேள்வியும் காத்திருப்பும். ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்ததிலிருந்து, யாராவது பேசும்வரை, அல்லது அவரே பதிலைச் சொல்லும்வரை எத்தனை நொடி? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளில் இதை அளந்தபோது சராசரி ஒரு நொடி அளவிலேயே இருந்தது. மூன்று நொடிக்கு நீட்டியபோது மாணவரின் பதில்கள் நீண்டன. நம் மாணவர் கேள்வியைத் தமிழில் மாற்றி, பதிலைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நொடி எந்த மூலைக்கு? என் வகுப்பை அளந்த பயிற்சி மாணவர், நான் பதினாறு கேள்விகளில் பதினொன்றுக்கு நானே பதில் சொன்னதாகக் காட்டினார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாளிலிருந்து மனதுக்குள் மூன்று எண்ணப் பழகினேன்.

மூன்றாவது, தமிழ் எங்கே நுழைகிறது. ‘தமிழில் பேசினார்’ என்று குறை சொல்வது போல எழுதாதீர்கள். எதற்காகப் பேசினார் என்று எழுதுங்கள்: சொல்லுக்குப் பொருள் சொல்லவா, இலக்கணம் விளக்கவா, கண்டிக்கவா, சிரிக்க வைக்கவா? ஒரு சொல்லுக்குச் சட்டென்று தமிழ்ப் பொருள் சொல்லி நகர்ந்தால் நேரம் மிச்சம். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் படித்து உடனே தமிழில் சொன்னாலோ, பிள்ளைகள் ஆங்கில வரியின்போது காத்திருந்து தமிழ் வரிக்கு மட்டும் காது கொடுக்கிறார்கள். முகங்களைப் பார்த்தால் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். முடிந்தால் ஒரே ஆசிரியர் ஒரே பாடத்தைத் தமிழ்வழிப் பிரிவிலும் ஆங்கிலவழிப் பிரிவிலும் நடத்துவதை அடுத்தடுத்துப் பாருங்கள். பெயரில் வழி வேறாக இருந்தும், இரண்டு அறையிலும் கேட்கும் ஆங்கிலத்தின் அளவு நீங்கள் நினைத்த அளவுக்கு வேறுபடாமல் போகலாம்.

நான்காவது, பிழையும் திருத்தமும். ‘ஹீ டிட் நாட் வென்ட்’, ‘ஷீ இஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ போன்றவை காதில் விழுந்தால் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் ஆசிரியர் செய்ததையும் எழுதுங்கள். விட்டுவிட்டாரா, சரியான வடிவத்தைத் தாமே சொல்லிக் கடந்தாரா, மாணவரையே மறுபடி சொல்ல வைத்தாரா? அதற்கும் பக்கத்தில், மூன்றாம் நெடுவரிசையில், அதற்குப் பிறகு மாணவர் என்ன சொன்னார் என்பது. அந்த நெடுவரிசை பெரும்பாலும் வெற்றாக இருக்கும். லிஸ்டர், ராந்தா என்ற இருவர் 1997-இல் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் இதே படம்தான்: ஆசிரியரே திருத்திச் சொல்லிக் கடப்பது மிக அதிகம், ஆனால் மாணவர் அதைப் பிடித்துக்கொண்டு பதில் தருவது அந்த முறையில்தான் மிகக் குறைவு.

உச்சரிப்பையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று கடைசியில் உகரம் சேர்வது தமிழின் பழக்கம். தமிழ் எழுத்தில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிக்கு நிற்பதால், ஆங்கிலத்தில் வேறுவேறான இரண்டு சொற்கள் பிள்ளையின் வாயில் ஒன்றாகிவிடுவதும் உண்டு. இவை கவனக்குறைவு அல்ல, தாய்மொழியின் ஒழுங்கு. காரணம் தெரிந்தவர் திட்ட மாட்டார்.

ஐந்தாவது, ஒரே ஒரு மாணவர். நடு வரிசையில், சத்தம் போடாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து முழுப் பாடவேளையும் அவரை மட்டும் பாருங்கள். அவருக்குத் தெரியக் கூடாது. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அனுமதியோடு அவருடைய புத்தகத்தைப் பாருங்கள். ஆங்கில வரிக்கு மேலே பென்சிலில் சின்னச் சின்னதாகத் தமிழ் எழுத்து இருக்கலாம். உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத்தான் அவர் தடங்கலில்லாமல் ‘வாசித்து’க்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரியும். அவரை நன்றாக வாசிக்கிறார் என்று ஆசிரியர் பாராட்டியிருப்பார், நானும் பாராட்டியிருக்கிறேன்.

ஃபிளாண்டர்ஸ் முறையைப் பற்றி ஒரு சொல். வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் பேசுவதைப் பத்து வகைகளாகப் பிரித்து, மூன்று நொடிக்கு ஒருமுறை குறிக்கும் அந்த முறை பி.எட். தேர்வில் வரும், படியுங்கள். ஆனால் நாற்பத்தைந்து நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் குறி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் வாரத்துக்கு மேல், பத்து நிமிடத்துக்கு மட்டும் முயன்றால் போதும்.

8. கேட்டதை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள்

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நேரம், நடந்தது, என் கேள்வி. ‘மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர்’ என்பது தீர்ப்பு. ‘10.25 – ஜோடியாகப் பேசச் சொன்னார். ஜன்னல் பக்கம் நான்கு ஜோடி தமிழில் பேசியது, இரண்டு ஜோடி பேசவில்லை. 10.27 – நிறுத்தினார்’ என்பது நடந்தது. ‘இரண்டு நிமிடம் போதுமா? என்ன வாக்கியம் சொல்ல வேண்டும் என்று பலகையில் இருந்ததா?’ என்பது கேள்வி. தீர்ப்பு எழுதியவரிடம் நான் என்ன பேசுவது? நடந்ததை எழுதியவரோடு அரை மணி நேரம் பேசலாம்.

பிள்ளைகளின் பெயர் வேண்டாம். ‘மூன்றாம் பெஞ்ச், இடது ஓரம்’ போதும். உங்கள் நோட்டு ஆசிரியர் மேசையில் திறந்து கிடக்கும் நாள் நிச்சயம் வரும்.

9. ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பொறி

இரண்டாம் நாளே இது நடக்கும். யாரோ விடுப்பு, நீங்கள் சும்மா இருப்பது போலத் தெரிகிறீர்கள், எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒருமுறை போனால் தினமும் போவீர்கள், உற்றுநோக்கல் அத்தோடு முடிந்தது. நேரே மறுத்தால் உறவு கெடும். ‘இந்தப் பாடவேளை 7-ஆம் வகுப்பு ஆங்கிலம் பார்க்க வேண்டும், கடிதத்தில் இருக்கிறது. அடுத்த பாடவேளை வருகிறேன்’ என்று சொல்லுங்கள். கடிதத்தில் அந்தச் சொற்களைச் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான். காலியான நேரத்தில் உதவுவதில் தவறில்லை. பார்க்க வேண்டிய வகுப்பை விட்டுக்கொடுப்பதுதான் தவறு.

10. வகுப்புக்குப் பிறகு ஐந்து நிமிடம்

ஆசிரியர் அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பார். நடைபாதையில் மறிக்காதீர்கள், மதிய இடைவேளையில் சாப்பிட்டு முடிக்கட்டும். அவர் கேட்டதை முதலில் சொல்லுங்கள், பிறகு உங்கள் கேள்விகளில் ஒன்றைக் கேளுங்கள். ‘ஏன் ஜோடி வேலையை நிறுத்தினீர்கள்?’ என்பது குற்றச்சாட்டாகக் கேட்கும். ‘10.27-க்கு நிறுத்தியபோது என்ன பார்த்தீர்கள் மேடம்?’ என்றால் அவர் மனதில் ஓடியதைச் சொல்வார். வெளியிலிருந்து தெரியாதது அதுதான். பக்கத்து அறையில் தேர்வு நடந்தது என்பார், அல்லது அந்த இரண்டு பையன்களுக்கும் நேற்று சண்டை என்பார்.

மாணவர் முன்னால் ஆசிரியரின் ஆங்கிலத்தைத் திருத்தவே திருத்தாதீர்கள். பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் சீட்டில் எழுதி, நோட்டு கொடுப்பது போலக் கொடுங்கள். ஒருவர் பின்னாலிருந்து உரக்கத் திருத்தினார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் அவருக்கு எந்த ஆசிரியரும் கதவைத் திறக்கவில்லை.

11. பதிவேடும் கையெழுத்தும்

அன்றைய குறிப்பை அன்று மாலையே பதிவேட்டில் ஏற்றுங்கள். மறுநாள் எழுதினால் இரண்டு வகுப்பும் கலந்துவிடும். வாரக் கடைசியில் எழுதினால் தோழியின் பதிவேட்டைப் பார்த்து எழுதத் தோன்றும். ஒரே பள்ளிக்கு வந்த மூவரின் பதிவேட்டில் ஒரே எழுத்துப்பிழை இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்தை நாள்தோறும் வாங்க வேண்டாம், ஆசிரியருக்கு எரிச்சல். வெள்ளிக்கிழமைதோறும் வாங்குங்கள். தலைமையாசிரியரின் முத்திரையையும் வருகைச் சான்றையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அன்று அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார், முத்திரை அலமாரிக்குள் இருக்கும், சாவி அவர் பையில் இருக்கும். மூன்று நாள் முன்னதாகவே எழுத்தரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் வரைந்த இருக்கைப் படத்தின் நகல் ஒன்றை வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு வந்தவற்றில் நான்கை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.